பேசாக் குழந்தையும் காத்திருக்கும் காலமும்

(ஆம்பூரில் கூடிய நமது சங்க மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



இன்று என்னைப் பேசப் பணித்திருக்கும் விஷயம் நமது சங்க மேடையில் இதுகாறும் பேசப்படாதது. கல்வி நிதியைப்பற்றியும், விவாகச் செலவைக் குறைப்பதைப்பற்றியும், மண்டபத்துக் கணக்கைப்பற்றியும் நாம் பலகால் பேசியிருக்கிறோம். பேச வேண்டியனவே. ஆயின் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், விருந்தினர் வரும் வேளையில் உள்ளறையில் விடப்பட்டுக் கதவு சாத்தப்படும் குழந்தை ஒன்று உண்டு. தமக்கையின் விவாகப் பத்திரிகையில் அதன் பெயர் அச்சேறுவதில்லை. அக்குழந்தையைப்பற்றியே யான் பேச வந்தேன்.

மூன்று வயதாகியும் சொல் எழாமை, பெயரிட்டு அழைத்தால் திரும்பாமை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமல் தாயின் கையைப் பிடித்து இழுத்துச் செல்லுதல், வண்டிச் சக்கரமொன்றைச் சுழற்றிக்கொண்டே நாழிகைக் கணக்கில் இருத்தல், குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறுதல், இத்தகைய குணங்கள் சேர்ந்து காணப்படுமாயின் வைத்தியர்கள் அதனை ஆட்டிசம் என்பர். சர்க்கார் ஏடுகளில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று எழுதுகின்றனர். வேறு சிலர் 'மதியிறுக்கம்' என்கின்றனர். இவ்விரு பெயர்களும் எனக்கு உடன்பாடல்ல. இக்குழந்தைகள் பலருக்குப் புற உலகம் இல்லாமற் போகவில்லை. அளவுக்கு மிஞ்சி வந்து தாக்குகின்றது. தோல் பதனிடும் சாலைகளின் வாடை நமக்குப் பழகிப்போயிற்று. இக்குழந்தைக்கோ அது நாள்தோறும் புதிதாகவே வந்து சேரலாம். கலியாண மண்டபத்துத் தவில் ஒலி நமக்கு மங்களம், அதற்கு இடி. ஆகவே யான் ஆட்டிசம் என்றே வழங்குகிறேன்.

இஃது அபூர்வமான ஒன்றன்று. 2021-ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து, உலகில் ஏறக்குறைய 127 பேருக்கு ஒருவர் இந்நிலையினர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நம் சங்கத்தின் அங்கத்தினர் குடும்பங்களைத் தாங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்குக் காரணம் யார் என்ற கேள்வி நம் வீடுகளில் முதலாவதாக எழுகின்றது. விடையும் உடனே தாயின் தலைமேல் விழுகின்றது. கிரகணத்தில் வெளியே வந்தாள் என்பார் ஒருவர்; ஷூ கம்பெனி வேலைக்குப் போய்ப் பிள்ளையைக் கவனியாது விட்டாள் என்பார் மற்றொருவர். இது நம் நாட்டு அறியாமை மட்டுமன்று. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து வைத்தியர் லியோ கானர் என்பார் பதினொரு குழந்தைகளைப்பற்றி எழுதி இந்நிலையை உலகறியச் செய்தார். அதன்பின் அந்நாட்டிலும், தாயின் அன்பு குளிர்ந்துபோனதே காரணம் என்று கற்றோரே பல்லாண்டு பேசிவந்தனர். 1964-இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்னும் மனவியல் அறிஞர், தாமும் இத்தகைய மகனைப் பெற்றவராதலின், அக்கொள்கையை மறுத்து நூல் வெளியிட்டார். இஃது உடலமைப்பிலும் மூளை வளர்ச்சியிலும் தோன்றுவது என்றும், பரம்பரைக்கு இதில் பெரும்பங்கு உண்டென்றும் இன்று தெளிவாகியுள்ளது. தடுப்பூசியே காரணம் என்ற கூற்று 1998-இல் இலண்டன் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது; அக்கட்டுரையை அப்பத்திரிகையே 2010-இல் விலக்கிவிட்டது. அதை நம்பி இளைய குழந்தைக்கு ஊசி போடாதிருப்பவர் இருப்பின் உடனே போடுவாராக.

பரம்பரை என்ற சொல்லைக் கேட்டதும் பெண்ணைப் பெற்றோர் முகம் வாடுவதைக் காண்கிறேன். சம்பந்தம் தட்டிப்போகும் என்ற அச்சமே அறைக் கதவைச் சாத்துகின்றது. உண்மையை மறைக்க யான் விரும்பவில்லை. மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் இருக்குமாயின், அடுத்துப் பிறப்பவர்களில் சுமார் ஐவருக்கு ஒருவரிடம் அது காணப்படுகின்றது. இதனை அறிந்த குடும்பம் செய்யத்தக்கது, இளைய குழந்தையின் பேச்சையும் பார்வையையும் முதல் ஆண்டிலிருந்தே கூர்ந்து கவனித்தலாகும். மூத்ததை ஒளித்துவைப்பதால் இளையதற்கு ஆவதென்ன? பெண் கேட்டு வருவோரிடம் முதல் நாளே சொல்லிவிடுதல் நன்று. அதைக் கேட்டு எழுந்து போகும் சம்பந்தி, பின்னர் அறிந்திருந்தால் பெண்ணையன்றோ வருத்தியிருப்பார்?

நிற்க. சர்க்கார் உதவி விஷயத்துக்கு வருவோம். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. அதன்கீழ் வரும் நிராமயா காப்பீட்டில் ஆண்டொன்றுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை வைத்தியச் செலவு பெறலாம். 2016-இல் இயற்றப்பெற்று 2017 ஏப்ரல் 19-ஆம் நாள் அமலுக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமானது இருபத்தொரு வகைக் குறைபாடுகளில் இதனையும் ஒன்றாக வைத்தது. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாத குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்றும் விதித்துள்ளது. சட்டம் நல்ல சட்டமே. ஆனால் சட்டத்துக்கும் குழந்தைக்கும் இடையே ஒரு வழி இருக்கிறது, அவ்வழி நீளமானது.

நம் ஊர் 2019 நவம்பர் 28 முதல் திருப்பத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. ஜில்லா சிறியதாயிற்று, நமக்குப் பிரயாணம் அத்துணை குறைந்ததாகச் சொல்வதற்கில்லை. முன்னர் வேலூருக்கு ஐம்பது கிலோமீட்டர், இப்போது வாணியம்பாடி வழியே திருப்பத்தூருக்கு நாற்பது. கம்பெனியில் வேலை செய்யும் தாய்க்கு ஒரு நாள் போய்வருவது ஒரு நாட்கூலி. போன அன்று வைத்தியர் இல்லையெனில் இரண்டு நாட்கூலி. அளவிட்டுச் சான்றிதழ் பெறவும், பின் பேச்சுப் பயிற்சிக்கு முறை வரவும் மாதங்கள் கழிகின்றன. பயிற்சியாளர் ஒருவர், குழந்தைகள் பலர். ஆதலின் முறை வந்த பின்னும் வாரத்துக்கொரு முறை அரைமணி நேரமே கிடைத்தல் கூடும். இக்குறையைச் சர்க்காருக்கு எடுத்துரைப்பது நம் சங்கத்தின் கடமையே. அதனை மனுவாக எழுதலாம். மனு பதில் பெறும் வரையில் குழந்தை வளராது நிற்குமோ?

காத்திருப்போர் செய்யத்தக்கன இரண்டு. முதலாவது, பெயரை இன்றே பதிந்துவிடுதல். 'ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசும், பாட்டனாரும் ஐந்து வயதில்தான் பேசினார்' என்று ஓராண்டு கழிப்போர் நம்மில் அநேகர். வரிசை, நாம் நின்ற நாளிலிருந்தே நகர்கின்றது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் சர்க்கார் வைத்தியக் குழுவினரிடம் குழந்தையை மறைக்காமல் காட்டுங்கள். ஜில்லாவின் ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அவர்களே எழுதி அனுப்புவர். பள்ளி வயது வந்ததாயின் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரை அணுகுங்கள். பள்ளிக்கு வர இயலாத குழந்தைக்கு வீட்டிலேயே கற்பிக்கும் ஏற்பாடும் அவர்களிடம் உண்டு.

சான்றிதழுக்காக ஆட்டிசத்தை அளவிட நம் நாட்டில் ஒரு வினாத்தொகுதி வழங்குகின்றது. நாற்பது வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். பரிசோதகர் குழந்தையைக் காண்பது சிறிது நேரமே. எஞ்சியதைத் தாய் தந்தையர் சொல்லக் கேட்டே நிரப்புவர். அன்று குழந்தை அமைதியாக இருந்துவிட்டால், வீட்டில் படும் பாடு ஏட்டில் ஏறாது. ஆதலின் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில், எந்த நாள், எவ்வேளை, எதனால் அழுதது, எத்தனை மணி உறங்கியது, எதை உண்டது என்று எழுதி வாருங்கள். எழுத்தறியாத தாய்க்கு மூத்த பிள்ளை எழுதித் தரட்டும். அந்தப் புத்தகம் வைத்தியருக்குப் பெரும் துணையாகும்.

இரண்டாவது, வீட்டிலேயே தொடங்கிவிடுதல். இதற்கு அயலூர் செல்ல வேண்டியதில்லை. 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் தொடங்கிய வைத்தியசாலையின் கிளையாக, பாகாயத்தில் 1957-இல் மனநல மையம் ஏற்பட்டது. குடும்பத்தார் நோயாளியுடன் தங்கியிருந்து கவனிக்கும் முறையை அங்கே தொடக்கத்திலிருந்தே கைக்கொண்டனர். குழந்தைகள் விஷயத்திலும் பெற்றோருக்கே பயிற்சியளிப்பது அங்கு நெடுங்கால வழக்கம். 2016-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இன்னும் ஒரு படி மேலே சென்றது. கோவாவிலும், பாகிஸ்தானத்து ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, அவருட் சிலருடைய பெற்றோருக்கு, வைத்தியரல்லாத சாதாரணப் பணியாளர் பன்னிரண்டு முறை பயிற்சி தந்தனர். பெற்றோர் குழந்தையின் போக்குக்கு இசைந்து நடக்கக் கற்றனர். குழந்தைகளும் தாமாகத் தொடர்புகொள்ளத் தொடங்குவது மிகுந்தது. எல்லாம் சீராயிற்றென்று அவ்வாராய்ச்சியாளர் சொல்லவில்லை. ஒரு விஷயத்துக்குச் சேர்ந்து கவனம் செலுத்துவது அதில் கூடவில்லை. ஆயினும் பட்டம் பெற்ற நிபுணர் வரும்வரை ஒன்றும் செய்யலாகாது என்ற எண்ணம் பொய்த்துப்போயிற்று.

செய்யும் முறை யாதெனின்: தரையில் குழந்தையின் எதிரே, அதன் கண்மட்டத்துக்கு முகம் வரும்படி அமருங்கள். நீங்கள் விரும்பும் விளையாட்டை அதன்மேல் திணிக்காதீர்கள். அது மூடியைச் சுழற்றினால் நீங்களும் ஒரு மூடியைச் சுழற்றுங்கள். அது 'ஊ' என்றால் நீங்களும் 'ஊ' என்று நிறுத்துங்கள். நிறுத்திய பின் பொறுத்திருங்கள். மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். நம் பெண்மணிகளுக்கு இந்தப் பத்துதான் கடினம். ஐந்துக்குள் 'அம்மா சொல்லு, அம்மா சொல்லு' என்று தொடங்கிவிடுகிறார்கள். பேச்சைச் சுருக்குங்கள். 'கண்ணே, தங்கமே, வா, பால் ஆறிப்போகிறது, குடித்துவிடு' என்பதில் எச்சொல்லைக் குழந்தை பிடித்துக்கொள்ளும்? 'பால்' என்று காட்டிச் சொல்லுங்கள். முறுக்கு டப்பாவை எட்டாத உயரத்தில், கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். அது பார்த்தாலும், கை நீட்டினாலும், ஒலி எழுப்பினாலும் அதுவே பேச்சு, உடனே கொடுங்கள். நாளொன்றுக்கு இருமுறை, பதினைந்து நிமிஷம் போதும். மறுநாள் விடக்கூடாது.

அன்றன்று நடப்பதைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டிவையுங்கள்: பல் துலக்கல், குளியல், சோறு, பள்ளி. அடுத்து வருவது தெரிந்திருந்தால் அலறல் குறையும். வெள்ளைச் சோறு மட்டுமே உண்ணும் குழந்தையை அடித்துக் குழம்பூட்ட வேண்டாம். சோற்றின் ஓரத்தில் ஒரு துளி வையுங்கள், அது தொடாவிட்டாலும் நாளையும் வையுங்கள். அடி எக்காலத்தும் உதவாது. கையில் போனைக் கொடுத்து உட்காரவைப்பது தாய்க்கு ஒருநேர இளைப்பாறல். அதைக் குற்றம் கூறமாட்டேன். நாள் முழுதும் அதுவேயானால் குழந்தை எதிரே ஒரு முகம் இல்லாமற் போகின்றது.

ஓர் எச்சரிக்கை. இக்குழந்தைகள் சொல்லாமல் வெளியே நடந்துவிடும் இயல்புடையவர். நீரால் ஈர்க்கப்படுவோரும் உண்டு. நம் ஊரின் ஊடே ரெயில் பாதை செல்கின்றது. பெங்களூர் நெடுஞ்சாலை செல்கின்றது. மழைக்காலத்தில் பாலாறும், மூடாத கிணறுகளும் உள. கதவுக்கு மேல்தாழ் போடுங்கள். சட்டையின் உட்புறத்தில் தந்தையின் போன் எண்ணைத் தைத்துவிடுங்கள். தெருவிலுள்ள கடைக்காரர் அனைவருக்கும் குழந்தையை அடையாளம் காட்டுங்கள். அறையில் பூட்டி வளர்க்கப்பட்ட குழந்தை வழி தப்பினால், அது யார் வீட்டுப் பிள்ளையென்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

மற்றொன்று பணத்தைப்பற்றியது. காத்திருக்கும் பெற்றோரைத் தேடிவந்து பூரண குணம் விற்பவர் பலர். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதன்று எனத் தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022-இல் தெரிவித்துவிட்டது. இதற்கென நகையை அடகு வைக்க எண்ணுவோர், அப்பணத்தைத் தாய் ஆறு மாதம் அரைநேர வேலை பார்ப்பதற்குச் செலவிட்டால் குழந்தைக்குப் பயன் மிகுதி.

ஏனெனில், இவ்வளவும் செய்யச் சொல்கின்றோமே, தாய்க்கு நேரம் யார் தருவது? காலையில் கம்பெனி வேன், மாலையில் சமையல், இடையில் மாமியார் மருந்து. தந்தைமார்களே, பதினைந்து நிமிஷங்களில் ஒன்று உங்களுடையதாக இருக்கட்டும். சங்கமும் சும்மா இருத்தல் தகாது. ஆடியிலும் மார்கழியிலும் நம் கலியாண மண்டபம் வெறிச்சோடிக் கிடக்கின்றது. மற்ற மாதங்களிலும் முகூர்த்தமில்லா ஞாயிறுகள் பல. அந்நாட்களில் இத்தகைய குடும்பங்கள் கூடவும், கல்லூரி மாணவியர் இருவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும், தாய்மார் இரண்டு மணி நேரம் ஒருவருக்கொருவர் கற்றதைச் சொல்லிக்கொள்ளவும் மண்டபத்தை வாடகையின்றித் திறந்துவிடுமாறு நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். திருப்பத்தூருக்குச் சான்றிதழின் பொருட்டுச் செல்லும் தாய்க்கு அன்றைய நாட்கூலியைக் கல்வி நிதியிலிருந்து கொடுத்தல் சங்க விதிகளுக்கு மாறானதாக எனக்குத் தோன்றவில்லை. ஒலிபெருக்கியையும் வெடியையும் குறைத்த விவாகம் ஒன்றேனும் இவ்வாண்டு நம்மில் நடைபெறுமாயின், அதற்கு அக்குழந்தையும் வரலாம்.

காரியதரிசியிடம் ஒரு தனி ஏடு வைக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய குழந்தையுள்ள குடும்பத்தார் தங்கள் பெயரையும், எந்த அலுவலகத்தில் எந்த நாளிலிருந்து காத்திருக்கிறார்கள் என்பதையும் அதில் எழுதலாம். பெயர்கள் பத்திரிகையில் வெளியிடப்பட மாட்டா. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தவுடன், அந்தத் தேதிகளை வைத்துக் கலெக்டரிடம் நேரில் மனுக் கொடுக்க யானும் உடன் வருவேன்.