தேமலும் தோஷமும்

(செஞ்சியில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக் கொண்டது தேமல் என்கிற அற்ப சமாச்சாரம். இதற்கு ஒரு கூட்டமா என்று உங்களில் சிலர் சிரிக்கலாம். ஆனால், கழுத்திலும் மார்பிலும் நாலு வெளுத்த திட்டு இருக்கிற காரணத்துக்காக, பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு "அப்புறம் சொல்லி அனுப்புகிறோம்" என்று எழுந்து போகிற காரியம் நம் பக்கத்தில் இன்றைக்கும் நடக்கிறது. சோதிடனிடம் போனால் நாக தோஷம் என்கிறான். கோயிலுக்குப் போனால் உப்பும் மிளகும் கொட்டச் சொல்லுகிறார்கள். பக்கத்து வீட்டிலோ, குஷ்டமாய் இருக்குமோ என்று குசுகுசுக்கிறார்கள். இத்தனை பேர் இத்தனை பேசியும், அந்தத் திட்டு எதனால் வந்தது என்று மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை.

நம் புலவர்கள் போன வழி வேறு. வயது வந்த பெண்ணின் மேனியில் சுணங்கு படர்ந்திருக்கிறது என்று வர்ணித்து வர்ணித்துப் பாடினார்கள். சுணங்கு என்பதற்குத் தேமல் என்றே அகராதியும் பொருள் சொல்லுகிறது. ஆக, பாட்டில் வந்தால் அழகு, கல்யாணப் பேச்சில் வந்தால் தோஷம்! ஆனாலும் புலவர்கள் ஒன்றைச் சரியாகப் பார்த்திருக்கிறார்கள். அது பெரும்பாலும் வயது வந்த பிறகுதான் வருகிறது.

ஏன் என்று கேளுங்கள். வயது வரும்போதுதான் தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் மும்முரமாய் வேலை செய்யத் தொடங்குகின்றன. அந்த எண்ணெயைத் தின்று பிழைக்கிற ஒரு சிறு காளான் நம் தோலில் குடியிருக்கிறது. கள்ளைப் புளிக்க வைக்கிற ஈஸ்ட் இருக்கிறதல்லவா, அந்த வகையைச் சேர்ந்தது. ஒரு நெல்லின் நீளத்துக்கு வரிசையாய் நிறுத்தினால் ஆயிரத்துக்கு மேல் நிற்கும். லூயி மலஸே என்கிற பிரெஞ்சு வைத்தியர் 1874-ல் தலைப் பொடுகில் இதைக் கண்டு எழுதினார். 1889-ல் அவர் பெயராலேயே இதற்கு மலாசீசியா என்று பெயர் வைத்தார்கள். இது பாவம் செய்தவன் மேலே மட்டும் இருப்பதில்லை. வயது வந்த மனிதர் ஏறக்குறைய எல்லார் மேலேயும் இருக்கிறது. தோஷம் சொன்ன சோதிடன் முதுகிலும் இருக்கிறது.

நிற்க, இது எப்படிச் சாப்பிடுகிறது என்பதுதான் வேடிக்கை. நம்முடைய மல்லாட்டை எண்ணெயை எடுத்துக் கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் பார்த்தால், ஒரு முளையில் மூன்று மாடு கட்டியிருப்பது போல, கிளிசரின் என்கிற முளையில் மூன்று கொழுப்பு அமிலங்கள் கட்டிக் கிடக்கின்றன. தோல் எண்ணெயிலும் பெரும் பகுதி இப்படித்தான். இந்தக் காளானால் முளையும் மாடுமாகச் சேர்த்து விழுங்க முடியாது. ஆகவே லிபேஸ் என்கிற ஒரு சரக்கைத் தன் உடம்புக்கு வெளியே கக்குகிறது. அது கயிற்றை அறுத்து விடுகிறது. அவிழ்ந்த அமிலங்களில் தனக்கு வேண்டிய வகையை உள்ளே ஓட்டிக் கொண்டு போய், அதைக் கொண்டு தன் உடம்பின் சவ்வைக் கட்டிக் கொண்டு, மொட்டு விட்டுப் பெருகுகிறது. ஓலியிக் அமிலம் போன்ற வேண்டாத மாட்டை வெளியே விட்டு விடுகிறது. இப்படி விடப்பட்டது மண்டைத் தோலில் இறங்கி, சிலருக்கு மட்டும் தோலைக் கிளறி உதிர வைக்கிறது. நாம் பொடுகு என்பதில் இதற்குப் பங்கு உண்டு.

இது ஏன் பிறர் எண்ணெய்க்குக் காத்திருக்க வேண்டும்? நாம் சோற்றைத் தின்றாலே தொந்தி விழுகிறது. மாவுப் பண்டத்தைக் கொழுப்பாக மாற்றுகிற வித்தை நம் உடம்புக்குத் தெரியும். கள் ஈஸ்டுக்கும் தெரியும். இதற்குத் தெரியாது. ரோடா பென்ஹாம் என்கிற அமெரிக்க அம்மையார், இதை வளர்க்கக் கொழுப்புப் பண்டம் சேர்க்க வேண்டும் என்று 1939-ல் எழுதினார். 2007-ல் இந்த வகையில் ஒன்றின் பரம்பரை எழுத்து முழுவதையும் படித்துப் பார்த்தபோது, கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகிற முக்கியமான ஜீனே அதில் இல்லை என்று தெரிந்தது. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை நம் கோட்டையைச் சுற்றிக் கிடந்ததே, அப்போது ராஜகிரிப் பாறையிலா நெல் விளைந்தது? களஞ்சியத்துக்குத் தானியம் வெளியிலிருந்துதான் வரவேண்டும். இந்தக் காளானுக்கு நம் தோல்தான் களஞ்சியம்.

சும்மா கிடக்கிற இதுவே, வெயிலும் வியர்வையும் சேர்ந்தால் சிலருக்கு நூல் நூலாய் ஓடிப் படருகிறது. அது உண்டாக்குகிற சில சரக்குகள் தோலின் நிறம் ஊறுவதைத் தடுப்பதால் திட்டு வெளுக்கிறது. நம் செஞ்சிப் பாறை வெயிலில் இது வராமலிருந்தால்தான் ஆச்சரியம். அழுக்கென்று பீர்க்கங்கூடால் தேய்த்துப் புண்ணாக்கிக் கொள்வது வீண். எண்ணெய் தடவினால் போகும் என்பதும் அப்படியே. எண்ணெய் அதன் தீனி. கடையில் கேட்டு வாங்குகிற வெளுப்புக் களிம்புகளில் ஸ்டீராய்டு சேர்ந்தவையும் உண்டு. அவற்றைப் பூசினால் படர் தாமரையும் தேமலும் இன்னும் பரவும். கிளோட்ரிமசோல், கீட்டோகோனசோல், செலீனியம் சல்பைடு என்று இதற்கென்றே மருந்துகள் இருக்கின்றன. டாக்டர் சொல்லுகிறபடி போட்டால் காளான் அடங்கும். ஆனால் நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் மருந்து பலிக்கவில்லை என்று மறுபடியும் மிளகு வாங்க ஓடாதீர்கள். அடுத்த கோடையில் திரும்பி வந்தாலும் திகைக்க வேண்டாம். வருகிற வழக்கம் அதற்கு உண்டு.

இனி, குஷ்டம் என்கிற பயத்தைப் பற்றி. தேமலைக் குஷ்டமென்று ஒதுக்குவது ஒரு கொடுமை. குஷ்டத்தைத் தேமலென்று சும்மா விடுவது அதைவிடப் பெரிய கொடுமை. தேமலை நகத்தால் லேசாய்ச் சுரண்டினால் தவிடு போல் உதிரும். தொட்டால் உணர்ச்சி தெரியும். தொழுநோய்த் திட்டிலோ பெரும்பாலும் உணர்ச்சி மங்கியிருக்கும். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் திட்டைத் தொட்டுப் பாருங்கள். தொட்ட இடம் சொல்லத் தெரியாவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். சந்தேகமிருந்தாலும் போங்கள். தொழுநோய்க்கும் மருந்து உண்டு. அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கொடுக்கிறார்கள். ஆறு மாதமோ ஒரு வருஷமோ விடாமல் சாப்பிட்டால் குணமாகும். நாள் கடத்தினால் மருத்துப் போன விரலுக்கு உணர்ச்சி திரும்புவது கஷ்டம்.