சேரி மனையில் தொடங்கும் புறநகர் வரலாறு



சென்னைப் புறநகரின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஐ.டி. நிறுவனங்கள் வந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்பு என்ன இருந்தது என்று கேட்டால், 'ஏரியும் வயலுமாகக் கிடந்தது' என்பார்கள். வயல் தானாகக் கிடக்காது. அதில் ஏர் ஓட்டியவர்கள் யார்? யாருடைய மண்ணில் அவர்கள் குடிசை போட்டிருந்தார்கள்? என் ஆய்வு இந்தக் கேள்விகளைத்தான் பின்தொடர்கிறது.

செங்கல்பட்டுக் கிராமங்களில் மிராசு முறை இருந்தது. மிராசுதார்கள் தங்கள் நன்செய்யோடு நிற்கவில்லை, ஊர்த் தரிசிலும் முன்னுரிமை கோரினார்கள். தரிசு கேட்டு ஒரு பறையர் தர்க்காஸ்து மனு போட்டால், மிராசுதாரின் ஆட்சேபம் குறுக்கே வந்து நிற்கும். சேரி இருக்கும் மனையே தங்களுடையது என்றும் அவர்கள் சொன்னார்கள். எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். குடியிருக்கும் மனை தன்னுடையதாக இல்லாதவரால் பண்ணையாரின் வேலையை எப்படி மறுக்க முடியும்? படியாள் முறையின் பூட்டு இந்த மனையில்தான் இருந்தது.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் இதை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். அதையொட்டி 1892இல் சென்னை மாகாண அரசு, ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் வழங்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை.

அதே 1890களில், ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, சிங்கபெருமாள்கோவில் பக்கம் மெல்ரோசாபுரம் என்ற விவசாயக் குடியேற்றத்தை உருவாக்கினார். ஆட்சியரையும் பாதிரியாரையும் மீட்பர்களாக்க இதைச் சொல்லவில்லை. மிராசுதாரின் பகையைச் சம்பாதித்துக்கொண்டு மனு போட்டதும், கரம்பைத் திருத்தி விளைய வைத்ததும் சேரி மக்கள். இன்றைய புறநகரின் தொடக்கக் குடிகளில் அவர்களும் உண்டு.

அந்த நிலங்கள் பிறகு எப்படிக் கைமாறின என்பது உங்களுக்குத் தெரியும். கடன், மிரட்டல், போலிப் பத்திரம், கடைசியில் மனைப்பிரிவு. மாமல்லபுரம் அருகே காரணை மக்கள் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் கொல்லப்பட்டார்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நகரத்துக்குள் குடிசைகளை இழந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அரசு அனுப்பியது. அவர்களில் பெரும்பகுதி தலித்துகள். நிலத்திலிருந்து ஒருவர் வெளியேற்றப்பட்ட அதே புறநகரில், இன்னொருவர் காலடி நிலமில்லாமல் அடுக்குமாடியில் குடியேற்றப்படுகிறார்.

இளம் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதியின் சர்வே எண்களை எடுங்கள். பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் இன்றைய பட்டாவையும் அருகருகே வைத்துப் படியுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. நிபந்தனை நிலம் என்ற குறிப்பு எந்த ஆண்டில் காணாமல் போனது, அப்போது யார் பெயர் ஏறியது என்று பாருங்கள். நிலமீட்புக்கு முழக்கம் வேண்டும், அந்தக் காகிதமும் வேண்டும்.

ஜெய்பீம்.