கடலும் வானும் கைகோத்த போர்

(இத்தலாரில் ஆற்றப்பெற்ற உரை)

 

கடற்காற்று எட்டாத இம்மலையூரில் கடற்போரைப் பற்றிய பேச்சு எதற்கு என எவரும் வினவலாம். குன்னூரை அடுத்த வெலிங்டனில் தரைப்படை, கடற்படை, வான்படை அலுவலர்கள் ஒருங்கே பயிலும் கல்லூரி 1950 முதல் இயங்கி வருகின்றது. படைகள் தம்முள் ஒன்றிப் பொருதல் அங்கே பாடம். அப்பாடம் 1971-இல் வங்கக்கடலில் மெய்யாகவே நடந்தது. நடத்தியவர் நாகர்கோவிலிற் பிறந்த தமிழர், நீலகண்ட கிருட்டிணன். அந்நாளில் விசாகப்பட்டினத்துக் கீழைக் கடற்படையின் தலைவர். அப்போரின் தரைப்படைத் தலைவர் மானெக்சாவை இம்மலையிற் குழந்தையும் அறியும். அவர் குன்னூரில் வாழ்ந்து 2008-இல் வெலிங்டனில் மறைந்தார். கிருட்டிணனையோ தமிழகம் மறந்தே போயிற்று.

அவர் கையிலிருந்த பெருங்கலம் ‘விக்கிராந்து’ என்னும் வானூர்தி தாங்கிக் கப்பல். அதுவும் நொண்டிக் கலம்! நான்கு கொதிகலன்களுள் ஒன்று வெடிப்புக் கண்டிருந்தது. விரைவு குன்றினால் என்ன என்று எளிதாக எண்ணிவிடலாகாது. காற்றை எதிர்த்துக் கப்பல் விரைந்தோடினால்தான் அதன் குறுகிய தளத்தினின்று வானூர்தி நன்கு எழும்பும். ஓட்டம் தளர்ந்தாலோ சிறகொடிந்த பறவைதான். இத்தகைய கலத்தைப் போருக்கு அனுப்புவதா என்ற ஐயம் எழுந்தது. அனுப்புக என்றே முடிவாயிற்று.

அதனை மூழ்கடிக்கவே பாக்கித்தானின் ‘காசி’ என்னும் நீர்மூழ்கி வங்கக்கடலுள் நுழைந்தது. (இக்காசி கங்கைக்கரை ஊரன்று, போர்மறவனைக் குறிக்கும் அரபுச்சொல்.) விக்கிராந்தோ அந்தமானின் ஒதுக்கமான துறையொன்றில் மறைந்து நின்றது. கிருட்டிணன் ‘இராசபுத்து’ என்னும் பழங்கப்பலை விக்கிராந்தாக நடிக்கச் செய்தார். விசாகப்பட்டினத்துக் கடைகளிற் பெருங்கப்பலுக்குரிய அளவில் உணவுப்பொருள்கள் கேட்கப்பட்டன. முட்டைக்கோசும் கிழங்கும் விளைத்துச் சந்தைக்கு அனுப்பும் இவ்வூரார்க்குச் சொல்லவா வேண்டும்? சந்தைக்குப் போன செய்தி ஒற்றன் காதுக்குப் போகாமலா இருக்கும்!

திசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்துக் கடலிற் காசி மூழ்கியது. இராசபுத்து வீசிய நீரடிக் குண்டே காரணம் என்பது இந்தியக் கூற்று. தற்செயலாய் நேர்ந்த வெடிப்பே என்பது பாக்கித்தான் கூற்று. அவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

மறுநாள், திசம்பர் 4-இல், விக்கிராந்தினின்று எட்டுச் ‘சீ ஆக்கு’ வானூர்திகள் எழுந்து காக்சு பசார் வானூர்தி நிலையத்தைத் தாக்கின. அடுத்தடுத்த நாள்களிற் சிற்றகாங்கு, குல்னா, மோங்லாத் துறைகள் அடிபட்டன. பகலிற் சீ ஆக்கு. இரவில், சுழல்விசிறி பூண்ட ‘அலீசே’. அதே வேளையிற் கரையினின்று எழுந்த வான்படை தாக்காவின் ஓடுபாதையைச் சிதைத்தது. கடல்வழியும் அடைந்தது, வான்வழியும் அடைந்தது. தப்பவும் இயலாது, துணைப்படை வரவும் இயலாது என்ற நிலையில், திசம்பர் 16-இல் ஏறத்தாழ 93,000 பேர் சரணடைந்தனர்.

இவ்வெற்றி விலையின்றிக் கிடைத்ததன்று. கீழைக்கடல் அடங்கிக்கொண்டிருந்த அதே கிழமையில், திசம்பர் 9 இரவு, மேலைக்கடலில் தையூவுக்கு அப்பால் ‘குக்ரி’ என்னும் இந்தியக் கப்பலைப் பாக்கித்தானின் மற்றொரு நீர்மூழ்கி மூழ்கடித்தது. அலுவலர் 18 பேரும் மாலுமியர் 176 பேரும் மாண்டனர். கலத்தலைவர் மகேந்திரநாத்து முல்லா தம் கப்பலைவிட்டு அகலாமல் அதனோடு மூழ்கினார்.