புதுமைக்கும் நிர்வாகம் தேவை

(அரசு அலுவலர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



நிலம், உழைப்பு, மூலதனம் ஆகிய மூன்றும் உற்பத்திக்கு அடிப்படை என்று பாடநூல்களில் பயின்றோம். இன்று அறிவும் அவற்றோடு சேர்ந்துள்ளது. ஆயினும் அறிவு பெருகிய இடத்திலெல்லாம் புதுமை தானாக விளைந்துவிடுவதில்லை. விதை நன்றாக இருந்தாலும் பருவத்தே உழுது நீர் பாய்ச்சுவார் வேண்டும். இதற்கு நம் நாட்டு அனுபவம் ஒன்றையே சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

1980-களின் தொடக்கத்தில் கிராமங்களில் தொலைபேசி அரிய பொருளாக இருந்தது. வெளிநாட்டு மின்னணு இணைப்பகங்கள் பெருநகரங்களைக் கருதி வடிவமைக்கப்பட்டவை. குளிரூட்டப்பட்ட அறையை வேண்டுபவை. இந்நிலையில் 1984 ஆகஸ்டு மாதம் மத்திய அரசு 'சி-டாட்' என்னும் தொலைத் தொடர்பு ஆராய்ச்சி மையத்தை நிறுவியது. சாம் பிட்ரோடா வழிகாட்டினார். 36 மாத காலமும் 36 கோடி ரூபாயும் வரையறுக்கப்பட்டன. இளம் பொறியாளர்கள் 128 இணைப்புகள் கொண்ட கிராமியத் தானியங்கி இணைப்பகத்தை உருவாக்கினர். வெப்பத்தையும் புழுதியையும் தாங்கி, குளிர்சாதனம் இன்றியே அது இயங்கியது. 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் அது நிறுவப்பட்டது.

இதிலிருந்து மூன்று பாடங்கள் பெறலாம்.

முதலாவது, ஆராய்ச்சிக்கான வினா களத்திலிருந்து பிறந்தது. 'உலகில் மிகச் சிறந்த கருவி எது?' என்று அவர்கள் கேட்கவில்லை. 'மின்விசிறிகூட இல்லாத அறையில் எது இயங்கும்?' என்றே கேட்டனர்.

இரண்டாவது, குறிக்கோளும் கெடுவும் முன்னரே விதிக்கப்பட்டன. அவற்றை எய்தும் வழியில் சுதந்திரம் வழங்கப்பட்டது. துறையின் வழக்கமான நடைமுறைகளுக்குக் கட்டுப்படாத தன்னாட்சி அமைப்பாக அம்மையம் செயல்பட்டது.

மூன்றாவது, ஆராய்ச்சி அறிக்கையோடு பணி முடிந்துவிடவில்லை. பொதுத்துறை, தனியார் துறை ஆலைகள் பலவற்றுக்குத் தொழில்நுட்பம் வழங்கப்பட்டு, இணைப்பகங்கள் பெருமளவில் உற்பத்தியாயின.

ஆனால் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. நகரங்களுக்கான பெரிய இணைப்பகம் குறித்த காலத்தில் முடியவில்லை. கடும் விமர்சனம் எழுந்தது. காலக்கெடு தவறியதைக் கேள்வி கேட்பது சரியே. எனினும் அந்தத் தாமதத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டிருந்தால், கிராமத்திற்குக் கிடைத்த பயன் கணக்கில் வந்திராது.

அலுவலர்களாகிய நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இதுவே. எதையும் முயலாதவரின் கோப்பில் தணிக்கை ஆட்சேபணை எழுவதில்லை. முயன்று தவறியவரின் கோப்பிலோ அது தவறாமல் எழுகிறது. இந்நிலை நீடிக்குமானால், அறிவுடையோரும் வாளாவிருக்கவே கற்றுக்கொள்வர். அதனால் நாட்டுக்கு ஏற்படும் இழப்பு எந்தத் தணிக்கை அறிக்கையிலும் இடம் பெறாது.

பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கவனக் குறைவால் நேர்ந்த தவறு வேறு. நேர்மையான சோதனையின் தோல்வி வேறு. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. எவ்வளவு செலவிடுவோம், எத்தனை மாதம் பார்ப்போம், எந்த நிலையில் நிறுத்திவிடுவோம் என்பவற்றைத் தொடக்கத்திலேயே எழுத்தில் பதிவு செய்தல் வேண்டும். முடிவில், கற்றது என்ன என்பதையும் ஒளிக்காமல் எழுதிவைத்தல் வேண்டும். அப்பதிவே அடுத்து வருபவரின் மூலதனம்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். 1995-ல் இந்தியாவில் செல்பேசிச் சேவை தொடங்கியது. அதன்பின் ஊரகத் தொலைபேசியின் போக்கே மாறிவிட்டது. அந்தச் சிறிய இணைப்பகங்களின் காலமும் கடந்துவிட்டது. கருவி பழையதாகும்; அதை உருவாக்கப் பழகிய கையும் மனமும் பழையதாவதில்லை. அத்தகைய மனிதர்களை உருவாக்குவதும், அவர்கள் அஞ்சாமல் பணியாற்ற இடமளிப்பதுமே புதுமை நிர்வாகத்தின் முதற்கடமை.