கருவி புதிது, கதை பழையது

வீரசாகசப் படம் என்றால் நம் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். அவற்றில் புதுமை எவ்வளவு என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

1933இல் அமெரிக்காவில் 'கிங் காங்' வெளிவந்தது. வில்லிஸ் ஓபிரையன் என்ற கலைஞர் சிறு பொம்மையை இம்மி இம்மியாக அசைத்துப் படம் பிடித்து, மாபெரும் குரங்கை நடமாட வைத்தார். அது புதுமை! 1976இல் அதே கதையில் குரங்கு உடை அணிந்த மனிதர் நடித்தார். 2005இல் கணினி குரங்கை உருவாக்கியது. கருவி மாறியது, தீவும் குரங்கும் வானளாவிய கட்டடமும் மாறவில்லை. தெரிந்த பெயருக்கே கூட்டம் சேரும் என்பது முதலாளிகளின் கணக்கு.

உழைத்த காசைக் கொடுத்துப் பார்ப்பவர்கள் நாம். ஆகவே, படம் முடிந்ததும் பிள்ளைகளிடம் கேட்போம்: "இதில் புதிதாக என்ன கண்டாய்? நீயாக இருந்தால் கதையை எப்படி முடிப்பாய்?" இப்படிச் சிந்தித்துப் பழகும் பிள்ளை, நாளை சொந்தமாகவே கதை சொல்லும்.