சுழியோடியின் கைக்கடிகாரம்

மூச்சடக்கிக் கடலுள் இறங்குபவனுக்கு அவனுடைய நெஞ்சே கடிகாரம். எவ்வளவு நேரம் அடியில் நிற்கலாம் என்பதை வேறெவரும் அவனுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. நேரம் முடிந்ததும் நெஞ்சு முட்டுகிறது. அவன் மேலே வருகிறான். யாழ்ப்பாணத் தீவுகளைச் சூழ்ந்த கடலில் சங்கு குளித்தவர்கள், ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும், இந்த ஒரு கடிகாரத்தையே நம்பி இறங்கினர்.

முதுகிலே காற்றுக் குடுவையைக் கட்டிக்கொண்டு இறங்கும் சுழியோடியின் நிலை வேறு. வடபகுதிக் கடலில் கடலட்டையும் சங்கும் எடுப்போருள் இத்தகையோர் பலர். இவர்களுக்கு நெஞ்சு முட்டுவதில்லை. குடுவையில் காற்று உள்ளவரை உடம்பு ஒரு குறையும் சொல்வதில்லை. ஆனால், கீழே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும், மூச்சோடு உட்செல்லும் நைதரசன் வாயு குருதியிலும் தசையிலும் சிறிது சிறிதாகக் கரைந்து சேர்கிறது. ஆழம் பத்து மீற்றர் கூடுந்தோறும் அமுக்கம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. கரையும் வாயுவும் அதற்கேற்பக் கூடுகிறது. அளவு மீறிச் சேர்ந்த பின் விரைந்து மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்தாற்போல அந்த வாயு குமிழ்களாகப் பிரியும். மூட்டுவலியில் தொடங்கிக் கைகால் வழங்காமற்போதல் வரையும், சிலவேளை உயிரிழப்பு வரையும் அது கொண்டுபோய்விடும்.

இந்த இடரைக் கணக்கிட்டு, நேரத்தையும் ஆழத்தையும் இணைத்து அட்டவணை வகுத்தவர் ஸ்கொட்லாந்து விஞ்ஞானியாகிய ஹால்டேன். ஆண்டு 1908. பின்னர் 1950களில் அமெரிக்கக் கடற்படை வகுத்த அட்டவணையின்படி, இடையில் நின்று தங்காமல் மேலே வரவேண்டுமாயின், 100 அடி ஆழத்தில் 25 நிமிடமும், 60 அடி ஆழத்தில் 60 நிமிடமும், 50 அடி ஆழத்தில் 100 நிமிடமுமே இருக்கலாம். அண்மைக்கால அட்டவணைகள் பல இதனினும் இறுக்கமானவை. பயிற்சி பெற்றவர்கள் தமக்குக் கற்பிக்கப்பட்ட அட்டவணையையே கொள்ள வேண்டும். எந்த அட்டவணையாயினும், அதைப் பயன்படுத்த இரண்டு அளவுகள் வேண்டும்: ஒன்று ஆழம், மற்றொன்று நேரம். அந்த நேரத்தை அளப்பதற்காகத் தோன்றியதே சுழியோடியின் கைக்கடிகாரம்.

வேலணைத் தீவின் தென்கரையில் உள்ள சாட்டிக் கடற்கரைக்கு, விடுமுறை நாட்களில் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பலர் குடும்பத்தோடு நீராடச் செல்கின்றனர். அவர்களுள் யாரேனும் ஒருவர் கையில், கரிய முகப்பும் தடித்த வளையமும் கொண்ட கடிகாரம் ஒன்று இருப்பதுண்டு. திரும்பிப் போகும்போது அது மருமகனுக்கோ தம்பிக்கோ அன்பளிப்பாகிறது. "இருநூறு மீற்றருக்குத் தண்ணீர் போகாது" என்ற சொல்லும் அதனுடன் கைமாறுகிறது. அந்தச் சொல்லை எவ்வளவுக்கு நம்பலாம் என்பதே இங்கு ஆராயத்தக்கது. பெற்றுக்கொண்டவர் கடல்தொழில் செய்பவராயின், அது வெறும் அலங்காரப் பொருளைப் பற்றிய ஆராய்ச்சி அன்று.

நீர் புகாத கைக்கடிகாரங்களின் வரலாறு ஒரு நூற்றாண்டுக் கால அளவினது. 1926ஆம் ஆண்டில் றோலெக்ஸ் நிறுவனம் நீர் புகாத கூடு ஒன்றை வெளியிட்டது. 1953ஆம் ஆண்டளவில், சுழலும் வளையத்தோடு கூடிய சுழியோடிக் கடிகாரங்கள் சுவிற்சர்லாந்தில் உருவாயின. அவை விலைமிக்கவை. யப்பானின் சீக்கோ நிறுவனம் 1965ஆம் ஆண்டில் 150 மீற்றர் தாங்கும் தானியங்கிக் கடிகாரத்தை வெளியிட்டபின், எளிய விலையில் இத்தகைய கருவி கிடைக்கும் வழி பிறந்தது. அந்த வழியில் வந்தவற்றுள் உலகெங்கும் மிகுதியாகப் பேசப்பட்டது எஸ்.கே.எக்ஸ். 007 என்னும் வகை. 1996 முதல் 2019 வரை அது ஆக்கப்பட்டது. நெடுங்காலம் ஏறத்தாழ 200 அமெரிக்க டொலருக்கு விற்கப்பட்டது. புகழ்பெற்ற சுவிற்சர்லாந்துச் சுழியோடிக் கடிகாரங்களோ பல ஆயிரம் டொலர் பெறுமதியுடையவை. ஆதலால், எளிய விலைத் தானியங்கிக் கடிகாரத்தை மதிப்பிட இதனையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

முதலில் அதன் முகப்பு எழுத்தைப் பார்க்க வேண்டும். "டைவர்ஸ் 200 மீற்றர்" என்று அதில் எழுதியிருக்கிறது. "டைவர்ஸ்" என்ற அந்தச் சொல் வெறும் விளம்பரம் அன்று. ஐ.எஸ்.ஓ. 6425 என்னும் அனைத்துலக நியமத்தை நிறைவு செய்யும் கடிகாரத்துக்கே அது உரியது. குறித்த ஆழத்தின் அமுக்கத்தைவிடக் கால் பங்கு கூடிய அமுக்கத்தை அது தாங்கவேண்டும். உப்புக் கரைசலில் ஒரு நாள் கிடக்கவேண்டும். இருளில் 25 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து நேரம் தெரியவேண்டும். கடிகாரம் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பதும் இருளிலே தெரியவேண்டும். 2019ஆம் ஆண்டில் இதே தோற்றத்தில் சீக்கோ வெளியிட்ட மற்றொரு வரிசை 100 மீற்றர் அளவினது. "டைவர்ஸ்" என்ற சொல் அதில் இல்லை. தோற்றம் ஒன்றாக இருப்பினும் தகுதி ஒன்றன்று. வாங்குவோர் இந்த வேறுபாட்டை அறிந்திருத்தல் நன்று.

அடுத்தது வளையம். சுழியோடி இறங்கும்போது வளையத்தின் முக்கோணக் குறியை நிமிடமுள்ளுக்கு நேரே திருப்பி வைக்கிறான். பின்பு நிமிடமுள் வளையத்தில் எந்த எண்ணைக் காட்டுகிறதோ, அத்தனை நிமிடம் கடந்தது என்று பொருள். வளையம் இடப்புறமாக மட்டுமே சுழலும். படகின் விளிம்பிலோ பாரிலோ தட்டுப்பட்டு அது நகர்ந்துவிட்டாலும், கடந்த நேரத்தைக் கூட்டிக் காட்டுமேயன்றிக் குறைத்துக் காட்டாது. பிழை நேர்ந்தாலும் அது உயிரைக் காக்கும் பக்கமாகவே நேரும்படி அமைத்திருக்கிறார்கள். கடிகாரத்தின் சிறந்த பகுதி எது என்று கேட்டால், இந்த வளையத்தையே சுட்டலாம்.

இனி, அதன் ஓட்டம். உள்ளே ஓர் எடைத்தகடு சுழல்கிறது. கை அசையும்போதெல்லாம் அது சுழன்று வில்லை முறுக்குகிறது. ஆதலால் சாவி கொடுக்கவும் வேண்டாம், மின்கலம் மாற்றவும் வேண்டாம். மின்கலம் வேண்டாத பொருளின் அருமையை யாழ்ப்பாணத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990களில் மின்கலம் குடாநாட்டுக்குள் வருவதற்குத் தடை இருந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட வீடுகள் பல. கடல்தொழிலுக்கோ வேறொரு நன்மையும் இதில் உண்டு. மின்கலம் மாற்றக் கூட்டின் பின்மூடியைத் திறக்கும்போதெல்லாம், நீரைத் தடுக்கும் றப்பர் வளையம் பிசகுவதற்கு இடமுண்டு. தானியங்கியை அத்துணை அடிக்கடி திறக்க நேர்வதில்லை.

நேரத் திருத்தத்தில் அது அத்துணைச் சிறந்ததன்று. அதன் பொறி மணிக்கு 21,600 முறை துடிக்கிறது. நாளொன்றுக்கு 20 விநாடி பிந்துவதும் 40 விநாடி முந்துவதும் ஏற்கத்தக்கவை என்று ஆக்கியோரே வரையறுத்திருக்கின்றனர். நாளுக்கு 40 விநாடி முந்தும் கடிகாரம் ஒரு மணிநேரச் சுழியோட்டத்தில் இரண்டு விநாடிகூடப் பிழைப்பதில்லை. ஆகவே கடலுக்கு அது போதும். ஆனால் ஒரு மாதம் திருத்தாமல் விட்டால் 20 நிமிடம் முந்திவிடும். குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகைப் பிடிக்க நிற்பவருக்கு அது உதவாது. விலை குறைந்த மின்கலக் கடிகாரமே இவ்வகையில் மேலானது. தானியங்கி வைத்திருப்போர், வானொலியின் நேர ஒலியைக் கேட்டு, ஒரு கிழமை வரை நாள்தோறும் ஒரே வேளையில் ஒப்புநோக்கிக் குறித்து வந்தால், தம் கடிகாரத்தின் போக்கை அறிந்துகொள்ளலாம். இந்த வகையில் விநாடிமுள்ளை நிறுத்திவைக்க முடியாது. சாவி கொடுக்கவும் முடியாது. ஏறத்தாழ 40 மணிநேரம் கழற்றி வைத்தால் நின்றுவிடும். மீண்டும் அசைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையானது நீர் புகாமை பற்றிய கேள்வி. பாக்குநீரிணைப் பகுதியில் கடலின் பெரும்பகுதி 15 மீற்றருக்கும் ஆழம் குறைந்தது. யாழ்ப்பாணப் பரவைக்கடல் அதனினும் ஆழமற்றது. இவ்வாறான கடலில் 200 மீற்றர் என்ற எண் எட்டாத எண். இங்கே கடிகாரத்தைக் கெடுப்பது ஆழமன்று. சாவிக் குமிழைத் திருகி மூட மறந்தால், முழங்கால் நீரிலேயே தண்ணீர் புகுந்துவிடும். பத்து ஆண்டாக மாற்றப்படாத றப்பர் வளையம் வெடித்து உலர்ந்திருக்கும். வளையத்தின் கீழே காய்ந்த உப்பும் மணலும் இறுகிக் கிடக்கும். 200 மீற்றர் என்பது அக்கடிகாரம் ஆலையை விட்டு வெளிவந்த நாளில் அதற்கு இருந்த தகுதி. இன்றைய தகுதி என்ன என்பதை முகப்பு எழுத்துச் சொல்லாது. றப்பர் வளையமும் உடையவர் பழக்கமுமே சொல்லும். இந்த வகையின் ஆக்கம் 2019இல் நின்றுவிட்டதால், கைமாறி வருவன யாவும் பழையனவே. போலியானவையும் அவற்றினிடையே உண்டு என்பதை மறத்தலாகாது.

ஆதலால், அன்பளிப்பாகப் பெற்றவர் முதலிற் செய்யவேண்டியது, அதைக் கடிகாரம் திருத்துபவரிடம் கொடுத்து, றப்பர் வளையங்களை மாற்றுவித்து, அமுக்கச் சோதனைப் பொறி உள்ள இடத்திற் சோதிப்பித்தல். வீட்டிலேயே செய்யத்தக்க சிறு சோதனையும் ஒன்று உண்டு. நியமச் சோதனைகளுள் ஒன்றை ஒட்டியது அது. கடிகாரத்தைக் கை பொறுக்கும் சூட்டில் சிறிது நேரம் வைத்து, கண்ணாடியின் நடுவே ஒரு துளி குளிர்ந்த நீரை இட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடியின் உட்புறத்தில் பனி படர்ந்திருந்தால், ஈரம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அத்தகைய கடிகாரத்தைக் கடலுக்குக் கொண்டுசெல்லலாகாது.

நாள்தோறும் செய்யவேண்டிய பராமரிப்பு ஒன்றே. கரைக்கு வந்ததும், குமிழ் மூடியிருப்பதைப் பார்த்து, நன்னீரில் அலசி, நீருக்குள்ளேயே வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி மணலைப் போக்கவேண்டும். உவர்நீர் மிகுந்த தீவுகளில் நன்னீர் அரிது. ஆயினும் சாட்டியில் கடற்கரை மணலின் கீழே மழைநீர் தங்கி நிற்பதால், அங்குள்ள கிணறுகள் நன்னீருக்குப் பேர் பெற்றவை. தீவுப் பகுதியின் பிற இடங்களுக்கும் அந்த நீர் குடிநீராகச் சென்றிருக்கிறது. கடிகாரத்துக்கு ஒரு செம்பு நீர் போதும்.

இவ்வளவும் சொன்ன பின், இதனை வாங்கலாமா என்ற கேள்வி எஞ்சுகிறது. சாட்டிக் கரையில் நீராடி மகிழ்வோருக்கு இது தேவையில்லை. 100 மீற்றர் தாங்கும் மின்கலக் கடிகாரம் ஒன்றே போதும். மூச்சடக்கிக் குளிப்போருக்கும் இது இன்றியமையாததன்று. குடுவையோடு இறங்குவோருக்கு இது தகும். ஆனால் இது மட்டும் போதாது. ஆழத்தைக் கடிகாரம் அறியாது. ஆழமானி வேண்டும், அட்டவணை வேண்டும், பயிற்சியும் வேண்டும். ஆழத்தையும் நேரத்தையும் தானே சேர்த்துக் கணிக்கும் மின்கணிப்பான்கள் இன்று வந்துவிட்டன. அவற்றைப் பெறமுடிந்தவர் அவற்றையே முதலாகக் கொள்ளவேண்டும். மின்கணிப்பான் கைவிடும் வேளையில் இரண்டாம் சாட்சியாக நிற்பதே இக்கடிகாரத்தின் இன்றைய பணி.

"ஆழம் அறியாமல் காலை விடாதே" என்பது முதியோர் வாக்கு. தீவுப் பகுதிச் சுழியோடிக்கு இதனோடு இன்னொன்றும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. ஆழம் குறைந்த கடல் என்ற துணிவில், ஒரு குடுவை தீர்ந்ததும் மறுகுடுவை, அது தீர்ந்ததும் மூன்றாவது என்று நாள் முழுவதும் இறங்குபவர்களுக்கே இடர் மிகுதி. முந்தைய இறக்கத்தில் சேர்ந்த நைதரசன் உடம்பை விட்டு முற்றாக நீங்குமுன் அடுத்தது சேர்கிறது. எத்தனை நிமிடம் கீழே நின்றான், எத்தனை நிமிடம் படகில் இளைப்பாறினான் என்ற இரண்டையும் குறித்து வைத்தாலன்றி அந்தக் கணக்குத் தெரியாது. அந்தக் கணக்கை எழுதுவதற்கு 200 டொலர்க் கடிகாரமும் பல ஆயிரம் டொலர்க் கடிகாரமும் ஒன்றே. வளையத்தைத் திருப்பி வைக்காமல் இறங்குபவனுக்கு இரண்டும் பயனற்றவையே. அன்பளிப்பாகக் கடிகாரம் கொடுப்பவர், அந்த வளையம் எதற்கு என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பாராயின், அவர் கொடுத்தது முழுமையான அன்பளிப்பாகும்.