வாசலை அடைத்து நின்றவர்கள்

(வானொலி மறையுரை)



கப்பர்நாகும் ஊரில் ஒரு வீடு. உள்ளே இயேசு பேசிக்கொண்டிருக்கிறார். முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். வாசலில் இடமில்லை, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். மாற்கு 2ஆம் அதிகாரத்தில் நாம் பலமுறை கேட்டதுதான். அந்த நால்வரின் நம்பிக்கையைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இன்று வாசலை அடைத்து நின்றவர்களைச் சற்று நினைப்போம். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். இறைவார்த்தை கேட்க ஆவலோடு வந்தவர்கள், நம்மைப் போல.

செக்வே என்றொரு வண்டி. இருபுறமும் இரண்டு சக்கரம், நடுவே நிற்க ஒரு தட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பம். முன்னால் சாய்ந்தால் ஓடும். பின்னால் சாய்ந்தால் வேகம் குறைந்து நிற்கும். கவிழாமல் தன்னைத்தானே சமன் செய்துகொள்ளும். 2001இல் அமெரிக்காவில் டீன் காமென் என்பவர் இதை அறிமுகம் செய்தார். அதற்கு முன்பே படியேறும் சக்கர நாற்காலி ஒன்றை உருவாக்கியவர் அவர். அந்த நுட்பத்திலிருந்து பிறந்ததுதான் செக்வே. ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான கருவியாக இது விற்கப்படவில்லை. நிற்க முடியும், நெடுந்தூரம் நடக்க முடியாது என்ற நிலையில் இருந்தவர்கள் தாங்களாகவே இதன் பயனைக் கண்டுகொண்டார்கள்.

முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில் அப்படி ஒரு சகோதரி இருந்தார். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்னும் நரம்பு நோய். வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது இந்த வண்டியையும் கொண்டுவந்திருந்தார். முதல் ஞாயிறே வாசலில் தொண்டர் தடுத்துவிட்டார்: “வண்டி உள்ளே வரக்கூடாதும்மா. நல்லாத்தானே நிக்கிறீங்க?” அவர் விவாதிக்கவில்லை. மூன்று ஞாயிறு வேப்பமரத்தடியில் நின்று ஒலிபெருக்கியில் திருப்பலி கண்டார். நிழல் அவருக்குப் பிடிக்கும் போலும் என்று நாம் நினைத்துக்கொண்டோம். நற்கருணையை அங்கே கொண்டுபோக நமக்குத் தோன்றவில்லை. நான்காம் ஞாயிறு அவர் வரவில்லை.

வீட்டுக்குப் போனோம். காபி கொடுத்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: “சக்கர நாற்காலியில வந்திருந்தா நாலு பேர் தூக்கியிருப்பாங்க, ஃபாதர். நான் நின்னுக்கிட்டு வந்தேன், அதான்.”

நமக்குப் பதில் வரவில்லை. ஊனம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாமே ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறோம். அந்தப் படத்துக்குள் அடங்காதவரை ஐயத்தோடு பார்க்கிறோம். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. இந்த நோயும் அதில் உண்டு. அமெரிக்காவிலோ, பாதுகாப்புக்கு இடையூறு இல்லாதவரை செக்வே போன்றவற்றையும் கடைகள் அனுமதிக்க வேண்டும் என்ற விதி 2011இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்தச் சட்டப் பிரிவிலிருந்து வழிபாட்டு அமைப்புகளுக்கு விலக்கு உண்டாம். படித்தபோது வெட்கமாக இருந்தது.

நம் மயிலாப்பூருக்குப் பக்கத்திலேயே மெரினா இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருவோர் அலையருகே போக, 2022 நவம்பரில் அங்கே 263 மீட்டர் மரப்பாதை திறந்தார்கள். மறுமாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் சரிசெய்தார்கள். மணலில் அவ்வளவு தூரம் பாதை போட முடிகிறது. ஆலய வாசலின் மூன்று படிகள்தான் நமக்கு மலையாகத் தெரிகின்றன.

அந்தப் பங்கிலும் படிகளுக்குச் சரிவுப்பாதை அமைக்கப் பேரவை கூடியது. தரை கீறலாகும் என்றார் ஒருவர். செலவை யார் ஏற்பது என்றார் மற்றொருவர். (கப்பர்நாகும் கூரையைப் பிறகு யார் வேய்ந்தார்கள் என்று மாற்கு எழுதவில்லை.) கொத்தனார் முதலில் போட்ட சரிவு செங்குத்தாக இருந்தது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது நமக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அந்தச் சகோதரி வந்து பார்த்துச் சிரித்துவிட்டார். இடித்து மறுபடி போட்டோம்.

அடுத்த ஞாயிறு அவர் வண்டியோடு உள்ளே வந்தார். முன்வரிசை பெஞ்சை நகர்த்தி இடம் செய்து கொடுத்தவர், அன்று வாசலில் தடுத்த அதே தொண்டர்.